முத்திரை இல்லாத ஏடு

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் சின்ன டி.டி.பி. கடை அது. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவிந்து கிடந்த வாரத்தில் கடையின் பழைய கணினி படுத்துவிட்டது. கடைக்காரர் அண்ணாச்சி வண்ணார்பேட்டைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டார். ஆனால் அதில் அவருக்குத் தமிழ் அடிக்க வரவில்லை. இளம் வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். கை பழகியது பழைய தட்டச்சு முறை. அதற்கென்றே ஒரு தன்னார்வலர் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த மென்பொருளைத்தான் பல வருஷமாக வைத்திருந்தார். அதை இணையத்திலிருந்து இறக்கி இரண்டு முறை கிளிக் செய்ததும், திரையின் நடுவில் நீலமாக ஒரு கட்டம் வந்து வழிமறித்தது. என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வைரஸ் இருக்குன்னு சொல்லுது. திறக்கவே மாட்டேங்கு. இத்தனை வருஷமா இதுலதான அடிச்சேன்?"

கட்டத்தில் இருந்த ஆங்கிலத்தை வரி வரியாகப் படித்துச் சொன்னேன். 'வைரஸ்' என்ற சொல்லே அதில் இல்லை. அடையாளம் தெரியாத செயலி ஒன்று தொடங்குவதைத் தடுத்திருக்கிறோம், அதை ஓடவிட்டால் கணினிக்கு ஆபத்து வரலாம் என்று மட்டும் இருந்தது. 'மோர் இன்ஃபோ' என்று சிறிதாகப் போட்டிருந்ததைத் தொட்டதும் இன்னொரு வரி விரிந்தது. வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்பது அதன் பொருள்.

'இது கெட்டது' என்று சொல்வது வேறு. 'இதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது' என்று சொல்வது வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அதனால் சிலர் பயந்துபோய் நல்ல மென்பொருளைத் தூக்கிப்போடுகிறார்கள். வேறு சிலர், இது எப்போதும் இப்படித்தான் கத்தும் என்று முடிவுகட்டி எதை வேண்டுமானாலும் திறந்துவிடுகிறார்கள். முதலாவது நஷ்டம். இரண்டாவது ஆபத்து.

கணினி எதைத்தான் பார்த்து 'தெரியாது' என்கிறது? நம் பழைய செப்பேடுகளை நினைத்துக்கொண்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். லெய்டன் நகரத்துக்குப் போன ஆனைமங்கலச் செப்பேட்டில் 21 ஏடுகள். ஒவ்வொன்றிலும் துளையிட்டு, ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகளைச் சோழர் முத்திரைக்குள் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வளையத்துக்கு இரண்டு வேலை. கொடுத்தவன் யார் என்று சொல்ல வேண்டும். நடுவில் யாரும் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ இல்லை என்றும் சொல்ல வேண்டும். வளையத்தை அறுக்காமல் ஏட்டைத் தொட முடியாது. ஏட்டில் எழுதியிருக்கும் ஆணை நியாயமானதா என்பதை முத்திரை சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை.

மென்பொருளில் இந்த வளையத்துக்குப் பெயர் டிஜிட்டல் கையொப்பம். 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுத் திறவுகோல் என்ற கருத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். நிரலர் தன் கோப்பை முதலில் ஒரு கணக்கில் போட்டுப் பிழிகிறார். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் கடைசியில் கிடைப்பது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிசைதான். எஸ்எச்ஏ-256 என்ற இந்தக் கணக்கில் வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். பத்திரிகையில் 'மணமகள்' என்பதில் ஒரே ஒரு புள்ளியை விட்டுவிட்டாலும் அந்த 64-உம் தலைகீழாக மாறிவிடும். இப்படிப் பிழிந்த சாற்றை, நிரலர் தன்னிடம் மட்டுமே இருக்கும் இரகசியத் திறவுகோலால் பூட்டுகிறார். அதன் ஜோடியான பொதுத் திறவுகோலால் யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம்; ஆனால் அதை வைத்துப் புதிதாகப் பூட்ட முடியாது. அந்தத் திறவுகோல் இன்னாருடையது என்று உறுதி சொல்லும் சான்றிதழை, அடையாளத்தைச் சரிபார்த்து வேறொரு நிறுவனம் கொடுக்கிறது.

மைக்ரோசாஃப்ட் இதற்கு 1996-இலேயே ஆதென்டிகோட் என்ற முறையைக் கொண்டுவந்தது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற காவல் விண்டோஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அதே ஆண்டு ஆப்பிளும் மேக்கின் மவுன்டன் லயன் பதிப்பில் கேட்கீப்பர் என்ற வாயிற்காவலரை நிறுத்தியது. இரண்டு காவலர்களின் குணமும் கொஞ்சம் வேறு. விண்டோஸ் காவலர் கையொப்பத்தோடு ஊர்ப்பேச்சையும் கேட்பவர். இதே கோப்பை எத்தனை பேர் இறக்கினார்கள், அவர்களுக்கு ஏதும் கெடுதல் நடந்ததா என்று பார்ப்பார். ஒரு நல்ல மென்பொருளின் புதுப் பதிப்பைக்கூட முதல் சில நாள் அவர் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். ஆப்பிள் காவலரோ தாளை நீட்டச் சொல்பவர். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து கையொப்பம் மட்டும் அவருக்குப் போதாது. கோப்பை முன்கூட்டியே ஆப்பிளுக்கு அனுப்பிச் சோதனைச் சீட்டும் வாங்கியிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காசு ஆகும். ஆப்பிளில் நிரலராகப் பதிந்துகொள்ள ஆண்டுக்கு 99 டாலர், நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். விண்டோஸுக்கான சான்றிதழுக்குப் பல ஆயிரம். 2023 ஜூனிலிருந்து அந்த இரகசியத் திறவுகோலைத் தனி வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு செலவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு பைசா வாங்காமல் தமிழுக்கு ஒரு கருவி எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு இது பெரிய சுமை.

கணினியில் தமிழ் வளர்ந்ததே பெரும்பாலும் தனி ஆர்வலர்கள், சிறிய குழுக்கள் கையில்தான். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், பா. விசுவநாதனின் அழகி, தமிழா! குழுவின் இ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியா கொடுத்த என்எச்எம் ரைட்டர் என்று ஒரு தலைமுறையே இவற்றைப் பிடித்துத்தான் தமிழில் எழுதப் பழகியது. இவர்கள் காட்டிய வழியில் இன்றும் எத்தனையோ பேர் ஃபாண்ட் மாற்றிகளும் பிழைதிருத்திகளும் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முத்திரை இல்லை என்பதற்காக இவர்கள் உழைப்பைக் குப்பையில் போடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

முத்திரை இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியா? 2010-இல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நடான்ஸ் அணு ஆலையைக் குறிவைத்த நச்சு நிரல். அதன் கோப்புகளில் இருந்தவை ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் அசல் கையொப்பங்கள். திருடப்பட்ட திறவுகோல்களால் போட்டவை. 2017-இல் சிகிளீனர் என்ற புகழ்பெற்ற மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். முறையான கையொப்பத்தோடு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. ராஜமுத்திரையே களவு போனால் ஏட்டை நம்பியவன் என்ன செய்வான்? ஆகவே கையொப்பத்தை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் இந்த நம்பிக்கைக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தமிழ்99 விசைப்பலகையில் 'நெல்லை' என்று அடித்துப் பாருங்கள். ஆங்கில விசைகளில் அரைப்புள்ளி, ஜி, என், என், ஆர் என்று ஐந்து தட்டு. அரைப்புள்ளியில் ந வருகிறது. ஜி என்றால் எ. இரண்டும் சேர்ந்து நெ. அடுத்த என்-இல் ல. மறுபடியும் அதே விசையைத் தட்டியதும் முதல் ல-வின் தலையில் தானாகவே புள்ளி விழுகிறது. கடைசி ஆர் என்றால் ஐ. இரண்டாவது ல அதோடு சேர்ந்து லை ஆகிவிட்டது. கையால் புள்ளி வைக்க வேண்டியதே இல்லை. இந்த அழகு எப்படி நடக்கிறது? மென்பொருள் நம் ஒவ்வொரு தட்டலையும் நடுவில் மறித்து வாங்கி, முந்தின தட்டல் என்ன என்பதை நினைவில் வைத்து, தமிழாக மாற்றி முன்னே அனுப்புகிறது. நாம் எந்தச் செயலியில் இருந்தாலும் அது பின்னணியில் விழித்திருந்தாக வேண்டும்.

நம் வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் 'கீலாகர்' என்ற நச்சு நிரலும் இதையேதான் செய்கிறது. தட்டலை மறிக்கிறது, நினைவில் வைக்கிறது, அனுப்புகிறது. நாம் எழுதும் பக்கத்துக்கு அனுப்புவதற்குப் பதில் திருடனுக்கு அனுப்புகிறது என்பது ஒன்றே வித்தியாசம். வெளியிலிருந்து பார்க்கும் ஆண்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே ஜாடையில் தெரியக்கூடும். அதனால் குற்றமில்லாத தமிழ் மென்பொருள் மேல் பழி விழுவதும் உண்டு. அதே காரணத்தால், தமிழ் எழுதி என்ற வேஷத்தில் ஒரு கள்ளன் வந்தால் நம் வீட்டுச் சாவிக் கொத்தையே அவனிடம் கொடுத்தவர்களாவோம்.

எனவே முதல் கேள்வி, இது உண்மையிலேயே தேவையா என்பதாக இருக்கட்டும். விண்டோஸிலும் மேக்கிலும் இன்று தமிழ் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன; அமைப்புகளில் மொழியைச் சேர்த்தால் போதும். புதிதாகத் தமிழ் அடிக்கப் பழகுகிறவர் வெளியிலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை. அண்ணாச்சியின் விரல்களோ முப்பது வருஷப் பழக்கத்தை விடுவதாக இல்லை. அவருக்கு அந்த மென்பொருள் வேண்டும்.

வேண்டும் என்றால் எங்கே எடுப்பது? தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பொதிகையில் பிறக்கும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் தண்ணீர்தான். எட்டாவது அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து சேரும்போது வழியில் எத்தனை ஊர்ச் சாக்கடையைத் தாண்டி வந்திருக்கிறது! மென்பொருளும் அப்படியே. எழுதியவர் கையில் சுத்தமாக இருந்த கோப்பு, 'இலவச டவுன்லோடு' என்று பளபளக்கும் தளங்கள், டெலிகிராம் குழுக்கள், நண்பரின் பென்டிரைவ் என்று கைமாறி வரும்போது அதில் யார் எதைக் கலந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஊற்றிலேயே போய் அள்ள வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்பது ஊற்று என்று நினைத்துவிடக் கூடாது. பல சமயம் அது காசு கொடுத்து முன்னால் வந்த விளம்பரம்.

ஊற்றிலேயே நஞ்சு கலப்பதும் உண்டு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மென்பொருள் உலகம் முழுக்க மேக்கிலும் விண்டோஸிலும் ஓடுவது. 2017 மே 2 முதல் 6 வரை அதன் இரண்டு தரவிறக்கச் சேவையகங்களில் ஒன்றில் யாரோ புகுந்து, மேக் கோப்பை எடுத்துவிட்டு, கடவுச்சொல் திருடும் புரோட்டான் என்ற நிரல் சேர்த்த கோப்பை வைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் இறக்கியவர்களுக்கு நஞ்சு கிடைக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெயரும் ஐகானும் அப்படியே இருந்தன. வித்தியாசம் ஒரே இடத்தில்தான் தெரிந்தது. கோப்பைப் பிழிந்து பார்த்தவர்களுக்கு வந்த 64 எழுத்து வரிசை, நிரலர்கள் வெளியிட்டிருந்த வரிசையோடு பொருந்தவில்லை.

இந்தச் சோதனையைச் செய்ய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் பவர்ஷெல் சாளரத்தைத் திறந்து 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்ற கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை இழுத்து அதன்மேல் போட்டு என்டர் தட்டினால் வரிசை வந்துவிடும். மேக்கில் டெர்மினலில் 'ஷாசம்' என்ற கட்டளை. எஸ்எச்ஏ-256 வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். நிரலரின் பக்கத்தில் இருக்கும் வரிசையோடு முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல் முழுவதையும் ஒப்பிடுங்கள். கோப்பு ஒரு தளத்திலும் வரிசை வேறொரு தளத்திலும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால், புகுந்தவன் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட முடியும்.

வைரஸ்டோட்டல் என்ற இலவசத் தளமும் உதவும். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-இல் கூகிள் வாங்கியது. ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபதுக்குப் பக்கமான ஆண்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே பட்டியலில் காட்டும். கேள்விப்படாத பெயருள்ள ஒன்றிரண்டு மட்டும் பொத்தாம்பொதுவாகச் சந்தேகப்பட்டால், மேலே சொன்ன கீலாகர் ஜாடையாக இருக்கலாம். பேர் பெற்ற பல ஒரே குரலில் சொன்னால் கோப்பை அழித்துவிடுங்கள். அங்கே ஏற்றும் கோப்பு மற்றவர் பார்வைக்கும் போகும் என்பதால் வாடிக்கையாளரின் ஆதார் நகலையோ கணக்குப் புத்தகத்தையோ ஏற்றிவிடக் கூடாது.

பென்டிரைவ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் மென்பொருள் பெரும்பாலும் அதில்தான் பயணம் செய்கிறது. உலாவி ஒரு கோப்பை இறக்கும்போது 'இது இணையத்திலிருந்து வந்தது' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டுகிறது. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஸ்மார்ட்ஸ்கிரீன் விழித்துக்கொள்கிறது. சாதாரண பென்டிரைவ்களில் உள்ள ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளுக்கு அந்தச் சீட்டைச் சுமக்கத் தெரியாது. கோப்பு பென்டிரைவில் ஏறி இறங்கியதும் சீட்டு உதிர்ந்துவிடும். நீலக் கட்டம் வராமலே போகலாம். "பக்கத்துக் கடையில இருந்து பென்டிரைவ்ல வாங்கினா ஒண்ணுமே கேக்காம திறக்கு, தம்பி" என்று அண்ணாச்சி அதை ஒரு நற்சான்றாகச் சொன்னார். காவலர் தூங்குவதை அவர் காவலர் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டிருந்தார்.

இத்தனையும் பார்த்து மனசு திருப்தியானால், அந்த ஒரு செயலிக்கு மட்டும் கதவைத் திறக்கலாம். விண்டோஸில் 'மோர் இன்ஃபோ', பிறகு 'ரன் எனிவே'. மேக்கில் முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்தால் திறந்துவிடும்; 2024-இல் வந்த சீக்கோயாவில் அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டார்கள். இப்போது ஒருமுறை திறக்க முயன்று, மறுத்த பிறகு, அமைப்புகளில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் கீழே வரும் 'ஓப்பன் எனிவே'யை அழுத்தி, கடவுச்சொல் கொடுக்க வேண்டும். இப்படி நாலு படி ஏற வைப்பது நல்லதற்கே. யோசிக்க நேரம் கிடைக்கிறது. விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற தனி அறைக்குள் செயலியை முதலில் ஓட்டிப் பார்க்கலாம். அறையை மூடினால் உள்ளே நடந்தது அத்தனையும் அழிந்துவிடும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ஒரு செயலிக்காகக் காவலரையே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 'முதலில் ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க' என்று தொடங்கும் எந்த வீடியோவையும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பையும், கூடவே அந்தக் கடவுச்சொல்லையும் கொடுப்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஆண்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக நச்சு பரப்புகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் ஏற்பாடு அது.

கடைகளில் ஓடும், உரிமப் பூட்டை உடைத்த 'கிராக்' மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நிபந்தனையோடும்தான் வருகின்றன. ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் அழைக்கப்படும் பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் இந்தக் கிராக் கோப்புகளின் வழியாகத்தான். படம், பத்திரிகை, கணக்கு அத்தனையையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதன் 148 வகைகளுக்கு இலவசத் திறப்பான் வெளியிட்டது. அதன் பிறகும் புது வகைகள் வந்தபடியே இருந்தன. கடையில் இருப்பது வெறும் டிசைன் அல்ல. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த பெயரும் முகவரியும் போட்டோவும். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஸ்க்ரைபஸ், இங்க்ஸ்கேப், லிப்ரேஆஃபீஸ் என்று நேர்மையான இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அப்படியும் ஏதோ நடந்துவிட்டது என்று பட்டால் முதலில் இணைய இணைப்பைப் பிடுங்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் நச்சு நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அண்ணாச்சியின் கோப்புக்கு வருவோம். எழுதியவரின் சொந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் புதிதாக இறக்கினோம். பதிப்பு எண்ணுக்குக் கீழே அவர் அந்த 64 எழுத்தையும் எழுதி வைத்திருந்தார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். அவ்வளவும் பொருந்தியது. திறந்தோம். சாயங்காலத்துக்குள் இரண்டு பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது.

அந்த நிரலரிடம் சான்றிதழ் வாங்கக் காசு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் காசே இல்லாமல் செய்யக்கூடியதை அவர் செய்திருந்தார். பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் தென்காசியிலும் தமிழுக்கு நிரல் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது அதைத்தான். உங்கள் மென்பொருளை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள். முடிந்தால் மூல நிரலையும் திறந்து காட்டுங்கள். கோப்புக்குப் பக்கத்திலும், வேறொரு தளத்திலும், அதன் 64 எழுத்தை எழுதி வையுங்கள்.